முதுகில் கண் வைத்த வண்டி

வெள்ளை பிக்கப் வண்டி இன்றும் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போய்விட்டது.

அது அப்படிப் பறக்கிற வண்டியும் இல்லை. மெத்தைகளைப் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு, நிறைமாதக்காரி மாதிரி அசைந்து அசைந்து போகிற வண்டி. மூன்று சக்கரச் சைக்கிள் ஓட்டுகிற குழந்தைகூட அதைப் பின்தொடர்ந்துவிடும். ஸ்கூட்டரில் போயும் வால் அதைக் கோட்டைவிட்டான். பெட்ரோல் பங்கின் ஒரு வாசலில் நுழைந்த வண்டி மறுவாசல் வழியாக வெளியேறி எந்தத் தெருவுக்குள் போனதென்றே தெரியவில்லை. அவன் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தெருவையே வெறித்துப் பார்த்தான். தெருவும் அவனைப் பார்த்தது.

வாலுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் துப்பறியும் நிலையத்தில் அவன் வேலை அடுத்தவர் பின்னால் போவது. சேட்டையும் அதற்குக் குறையாதது. அதனால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நிலையத்தின் மூளை அவனுடைய அண்ணன் மனைவி. அண்ணன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். அண்ணி துப்பறியப் போய்விட்டாள். வால் அவளை "அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வழக்கு கொண்டுவருகிற கட்சிக்காரர்கள், கீழே இருக்கிற டயர்க்கடைக்காரர், ஒருமுறை அவளிடம் பிடிபட்ட நகைத் திருடன், எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள்.

டயர்க்கடை மாடியில் இருந்த நிலையத்துக்கு வால் திரும்பியபோது, கட்சிக்காரி அங்கே காத்திருந்தாள். மெத்தைக்கடை அக்கா. சுவரோரம் ஒரு புது மெத்தை நின்றுகொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறை கிழிந்து, நடுவில் அடிவாங்கிய மாதிரி ஒரு நீளக் குழி.

"இன்னிக்கும் விட்டுட்டியா?" என்றாள் அண்ணி, திரும்பிப் பார்க்காமலே. அவள் கடலை கொறித்துக்கொண்டு அந்த மெத்தையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"நான் விடலை அண்ணி. அவர்தான் என்னை விட்டுட்டுப் போயிட்டார். அந்த மனுஷனுக்கு முதுகில கண் இருக்கு. தெருவிளக்கு மறைவுல போனேன், லாரிக்குப் பின்னால ஒளிஞ்சு போனேன். சரியா நான் பக்கத்துல வர்ற நேரம் பாத்து லேசா வேகம் குறையும், உடனே சந்துல பாய்ஞ்சிடறார்."

அக்காவின் முகம் கறுத்தது. "மடியில கனம் இருக்கு, வழியில பயம் இருக்கு. வேற என்ன?"

அவள் கதை சுருக்கமானது. அப்பா விட்டுப்போன மெத்தைக்கடை. கல்லாவும் கணக்கும் அக்காவுக்கு, வண்டியும் டெலிவரியும் தம்பிக்கு. கொஞ்ச காலமாகவே வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்குப் போகிறார்கள். விசாரித்தால், "உங்க தம்பிதாம்மா அங்க போகச் சொன்னார்" என்கிறார்கள். போதாததற்கு, விற்ற மெத்தைகளில் சில இப்படி நசுங்கித் திரும்பி வருகின்றன.

"எதிர்க்கடைக்காரன்கிட்ட விலைபோயிட்டான் அண்ணி. என் கூடப்பொறந்தவன்!" குரல் உடைந்தது, அடுத்த கணமே அதை ஒட்டவைத்துக்கொண்டாள். "செங்கல் வந்து இறங்கிடுச்சு. நாளைக்குக் காலைல கொத்தனார் வர்றார். கடைக்கு நடுவுல சுவர். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அதுக்கு முன்னால எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். அவன் துரோகியா, இல்லையா?"

அண்ணி மெத்தையின் குழியில் கையை வைத்து அளந்தாள். முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நேர்கோடாக.

"மெத்தைல மனுஷன் படுத்தா குழி எங்க விழும் வாலு?"

"படுக்கிற ஆளைப் பொறுத்தது அண்ணி. நானா இருந்தா மொத்த மெத்தையும்."

"இந்த மெத்தை மேல யாரும் படுக்கலை. இது நின்னுக்கிட்டே உதை வாங்கியிருக்கு." அவள் அக்கா பக்கம் திரும்பினாள். "கைவிட்டுப் போன வாடிக்கைக்காரங்க யார் யார்?"

"தண்ணித்தொட்டி சந்து டாக்டர் வீடு. அச்சகத்துப் பின்சந்துல ரெட்டைப் பொண்ணுங்க இருக்கிற வீடு. மில் காம்பவுண்டை ஒட்டின சந்துல அந்த வக்கீல்..."

"அந்தச் சந்துக்கெல்லாம் அப்பால என்ன வரும்?"

"என்ன வரும்? ஒண்ணும் வராது. சுவர்தான்."

அண்ணி ஒரு கடலையை மேலே போட்டு வாயால் பிடித்தாள். ஏதோ புரிந்தால் அவள் செய்கிற காரியம் அது. வாலுக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் புரிந்த முகத்தை வைத்துக்கொள்ள அவனுக்கு நல்ல பயிற்சி உண்டு.

"உங்க தம்பி எப்போதிலிருந்து இப்படி?"

"வண்டில அந்தப் பாட்டுப்பெட்டியை மாட்டின நாளிலேருந்து. கம்பெனி கொடுத்த ஸ்டீரியோ நல்லாத்தான் இருந்துச்சு. அதைப் பிடுங்கிட்டுத் தட்டு மாதிரி ஒண்ணை வெச்சிருக்கான். வண்டியைத் தொடாதேடான்னேன். 'நானே மாட்டுவேன், கம்பெனிக்காரனே வந்து பாத்துட்டுப் போவான்'னான். அதுக்கப்புறம் என் மூஞ்சியை நிமிர்ந்து பாக்கறதில்ல."

அண்ணி ஹெல்மெட்டை எடுத்தாள். "மத்தியான லோடுக்கு நானும் வர்றேன்."

*

மத்தியான வெயிலில் சிக்னல் சிவப்பாக நின்றது. வெள்ளை வண்டிக்கு நேர் பின்னால் ஸ்கூட்டர். வால் முன்னால், அண்ணி பின்னால். மெத்தைகளுக்கு மேலே வண்டியின் பின்கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதன் வழியாக ஓட்டுபவரின் பிடரி, அதற்கப்பால் புது ஸ்டீரியோவின் அகலமான திரை.

திரையில் ஒரு படம் தெரிந்தது. நடுவில் ஒரு மஞ்சள் உருண்டை. அதன் தோளுக்குப் பின்னால் கடலை கொறிக்கிற ஒரு பெண்.

வால் மெதுவாகக் கையைத் தூக்கினான். மஞ்சள் உருண்டையும் கையைத் தூக்கியது.

"அண்ணி," என்றான் கிறக்கமாக, "நான் படத்துல வர்றேன்."

"கையை இறக்குடா மடையா!"

ஓட்டுபவரின் தலை சட்டென்று திரைக்கு அருகில் குனிந்தது. பச்சை விழுந்தது. பிரேக்கிலிருந்து கால் எடுக்க, பின்னால் இருந்த இரண்டு சிவப்பு விளக்குகளும் அணைந்தன. அதே நொடி திரையிலிருந்து இருவரும் மறைந்தார்கள். அங்கே ஒரு பாட்டின் இசைத்தட்டு ஒன்றும் தெரியாததுபோல் சுழன்றது. வண்டி உறுமிக்கொண்டு காய்கறி லாரிகளுக்கு நடுவே புகுந்து காணாமல் போனது.

வால் ஆக்ஸிலேட்டரை முறுக்கப் போனான். அண்ணி அவன் தோளில் தட்டினாள்.

"போகட்டும். பாத்தியா? சிவப்பு விளக்கு எரிஞ்சா நாம படத்துல இருக்கோம். அணைஞ்சா இல்லை."

"பின்னால பாக்கிற கேமரா ரிவர்ஸ் போட்டாத்தானே அண்ணி எரியும்?"

"எல்லா வண்டிலயும் அப்படித்தான். இந்த வண்டில பிரேக்கை மிதிச்சா எரியுது. உனக்கு முன்னால போறவர் ஒவ்வொரு தடவை வேகம் குறைச்சப்பவும் உன் ஹெல்மெட்டைத் தரிசனம் பண்ணியிருக்கார்."

வாலுக்கு ஒரே நேரத்தில் அவமானமும் நிம்மதியும் வந்தன. அவன் திறமைக்குக் குறைவில்லை. எதிராளி வண்டியின் முதுகில் கண் இருந்தது, அவ்வளவுதான். மனிதன் தோற்றால்கூட ஓர் இயந்திரத்திடம் தோற்கவேண்டும். அதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

*

கார் ஸ்டீரியோ கடைக்காரரை எல்லோரும் டம்டம் என்று கூப்பிட்டார்கள். காரணம் கேட்கவேண்டியதில்லை. கடைக்குள் கால் வைத்ததுமே விலா எலும்பு அதிர்ந்தது. அண்ணி ஒரு ஸ்பீக்கரை நோக்கி விரலை நீட்டினாள். அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வருத்தத்துடன் அதைத் தடவிக்கொடுத்தார்.

"மெத்தைக்கடைத் தம்பியா? மறக்க முடியுமா அண்ணி? பெட்டி வாங்கினார். கேமராவுக்குச் சேர்ப்புப் பெட்டி வாங்கினார். மாட்டித் தர்றேன்னேன். 'நான் வீடியோ பாத்து முடிச்சிட்டேன்'னார். ஏதோ படிப்பை முடிச்ச மாதிரி!"

"சேர்ப்புப் பெட்டி எதுக்கு?" என்றான் வால்.

"அந்த வண்டில கம்பெனி வெச்ச கேமரா ஆறு வோல்ட்ல ஓடறது. வெளில வாங்கின ஸ்டீரியோ பன்னிரண்டு வோல்ட் ஆசாமி. நேராக் கோர்த்தா கேமரா கருகிடும். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தரகர் வேணும். அதான் அந்தப் பெட்டி. அதைச் சரியாத்தான் போட்டிருக்கார், அதனாலதான் படம் வருது."

"அப்புறம் எங்க கோளாறு?" அண்ணி கேட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு வயர் இருக்கு. வண்டி பின்னால போகுதுன்னு ஸ்டீரியோவுக்குத் தகவல் சொல்ற வயர். ரிவர்ஸ் போட்டா பின்னால வெள்ளை விளக்கு எரியுமில்ல? அந்த விளக்கோட சேர்க்கணும். 'பின் விளக்குல சேருங்க'ன்னு சொன்னேன். 'தெரியும் தெரியும்'னுட்டு ஓடிட்டார். பின் விளக்குக் கூண்டுக்குள்ள எத்தனை வயர் இருக்கு! பிரேக்கோட வயர்ல கோர்த்திருப்பார்."

"மாட்டி முடிச்சதும் போட்டுப் பாத்திருப்பாரே. தப்புன்னு தெரிஞ்சிருக்காதா?"

டம்டம் சிரித்தார். "அங்கதான் இருக்கு வேடிக்கை. அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. பிரேக்கை மிதிக்காம ரிவர்ஸ்ல விழவே விழாது. மிதிச்சார், கியரைப் போட்டார், படம் வந்துச்சு. கைதட்டிட்டு இறங்கியிருப்பார். காலை எடுத்தா படம் போயிடும்னு, நிஜமா பின்னால எடுக்கிறப்பத்தானே தெரியும்?"

"அப்படித் தெரிஞ்சப்பறம் ஏன் உங்ககிட்ட வரலை?"

"வந்தாரே! வந்து, 'அண்ணே, வண்டி நகர்ந்தா திரைல படம் ஓடக்கூடாதுன்னு ஏதாவது விதி இருக்கா?'ன்னு கேட்டார். சினிமாப் படத்தைத்தான் கேக்கிறார்னு நினைச்சு, 'ஆமா, ஓட்டறப்ப படம் கட் ஆயிடும், பாதுகாப்பு'ன்னேன். முகம் தொங்கிப்போச்சு. அப்படியே போயிட்டார்."

அண்ணி ஒரு கடலையை மேலே போட்டாள். வாலும் ஒன்றைப் போட்டான். அவனுடையது ஸ்பீக்கருக்குள் விழுந்தது.

*

"இனிமே எப்படிப் பின்தொடர்றது?" சாயங்கால லோடுக்காகத் தெருமுனையில் காத்திருந்தபோது வால் கேட்டான். "பின்னால போனா படத்துல விழுவோம்."

"அதனால முன்னால போவோம்."

"முன்னால போய்ப் பின்தொடர்றதா? அண்ணி, என் பேரே வால். வால் முன்னால முளைச்சா அதுக்கு வேற பேரு. யானைக்குக் கேளுங்க, சொல்லும்."

"பின்னால யார் வர்றாங்கன்னு பயப்படறவன் முன்னால யார் போறாங்கன்னு பாக்கவே மாட்டான். கண்ணாடியைச் சரி பண்ணு."

வெள்ளை வண்டி கடையிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. வால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரைத் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டு துரத்தினான். பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் வெள்ளை வண்டி சின்னப் பல் மாதிரி தெரிந்தது. ஏதோ ஒரு கனவில் ஓடுவதுபோல் இருந்தது அவனுக்கு. துரத்துகிறவன் ஓடுகிறான், ஓடுகிறவன் நிதானமாக வருகிறான். ரவுண்டானாவுக்கு முன்னால் வண்டி வேகம் குறைந்தது. இப்போது அவர் திரையைப் பார்க்கிறார். காலித் தெரு தெரிகிறது. திருப்தியாக இடது பக்க இண்டிகேட்டரைப் போடுகிறார்.

"யாருமே இல்லாத தெருவுல யாருக்கு இண்டிகேட்டர் போடறார்?" வால் வியந்தான். "துரோகியா இருந்தாலும் ஒழுக்கமான துரோகி."

அடுத்த திருப்பத்தில் வளைந்து சுற்றிக்கொண்டு வந்தபோது, இரண்டு உயரமான சுவர்களுக்கு நடுவே ஒரே ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய நீண்ட வழி தெரிந்தது. அதன் மறுமுனையில் மூடிப்போன மர டிப்போ. வாசற்கதவைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. அண்ணி ஸ்கூட்டரைத் தெருவிலேயே நிறுத்தச் சொன்னாள். போனை எடுத்து, "அக்கா, உடனே வாங்க. பழைய மர டிப்போ. தனியா வாங்க," என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

இருவரும் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே தம்பிக்காரர் மெத்தைகளை இறக்கிக்கொண்டிருந்தார். இறக்கி, ஒவ்வொன்றாக நிமிர்த்தி, பழைய மரச்சட்டங்களை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். ஏற்கெனவே அங்கே நசுங்கிய மெத்தைகள் பல நின்றன. இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, கடைசியில் குறுக்கே ஒன்று. சாய்ந்த வெயிலில் பூப்போட்ட, கோடுபோட்ட சுவர்களுடன் ஒரு தெரு எழும்பியிருந்தது. உள்ளே போனால் திரும்பி வர வழி இல்லாத தெரு.

"அண்ணி," வால் மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னான், "இவர் முட்டுச்சந்து கட்டியிருக்கார்."

"டாக்டர் வீடு, ரெட்டைப் பொண்ணுங்க வீடு, வக்கீல் வீடு. எல்லாம் முட்டுச்சந்து. உள்ள போனா ரிவர்ஸ்லதான் வெளிய வரணும், இல்லன்னா ரிவர்ஸ்லதான் உள்ள போகணும்."

தம்பிக்காரர் வண்டியில் ஏறினார். வெள்ளை விளக்கு எரிந்தது. வண்டி பின்னால் நகர்ந்தது, நின்றது. நகர்ந்தது, நின்றது. விக்கல் எடுத்தவர் தண்ணீர் கேட்டுப் போவது மாதிரி குலுங்கிக் குலுங்கிப் போனது. பிரேக்கில் கால் வைத்தால் படம், எடுத்தால் இருட்டு. மூன்றாவது விக்கலில் வண்டி கோணிக்கொண்டு போய், பூப்போட்ட மெத்தையில் 'தொப்'பென்று மோதியது. மெத்தை நிதானமாக யோசித்து, வண்டியின் மேலேயே சாய்ந்து படுத்துக்கொண்டது.

தம்பிக்காரர் இறங்கினார். மெத்தையைத் தூக்கி நிறுத்தித் தூசி தட்டினார். பிறகு அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க டாக்டர். சுவர்ல லேசா உரசிடுச்சு. அக்காகிட்ட சொல்லிடாதீங்க," என்று ஒத்திகை பார்த்தார்.

"என்கிட்ட என்னடா சொல்லக்கூடாது?"

அக்கா. எப்போது வந்தாள், எப்போது கதவைத் தள்ளினாள் என்று வால் பார்க்கவில்லை. வாடகைக்காரை வழியின் தொடக்கத்திலேயே அனுப்பிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்திருக்கவேண்டும், மூச்சு வாங்கியது. தம்பிக்காரர் மெத்தைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். தோள் மட்டும் ஒளிந்தது.

"அக்கா... அது வந்து..."

"எதிர்க்கடைக்காரன் எங்க?"

"எதிர்க்கடைக்காரரா? அவர் எதுக்கு இங்க வர்றார்?"

"அப்ப எதுக்குடா என் வாடிக்கையை எல்லாம் அவனுக்குத் தள்ளிவிட்டே?"

அவர் காலால் தரையைக் கீறினார். பிறகு எல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது. "எனக்கு ரிவர்ஸ் எடுக்க வரலைக்கா! இத்தனை வருஷமும் அந்தக் கம்பெனித் திரையைப் பாத்துத்தான் எடுத்தேன். புதுசு மாட்டினப்பறம், நகர்ந்தா படம் போயிடுது. அதான் விதியாம். கண்ணாடியைப் பாத்து எடுத்தா சுவர் இந்தப் பக்கம் இருக்கா அந்தப் பக்கம் இருக்கான்னே தெரியலை. நானே மாட்டறேன்னு உன்கிட்ட அவ்வளவு பீத்திக்கிட்டேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வந்து சொல்றது? ஆர்டர் எடுத்துட்டு அவங்க வீட்டுச் சுவரை இடிக்கிறதுக்கு, அவங்க வேற கடைல வாங்கிட்டுப் போகட்டும்னு..."

"அதுக்காக எதிரிகிட்டயாடா அனுப்புவ?"

"நம்ம தெருவுல வேற மெத்தைக்கடை இல்லையேக்கா."

வாலுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அண்ணி அவன் காலை மிதித்தாள். அக்கா நசுங்கிய மெத்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோபப்படுவதா அழுவதா என்று அவள் முகத்துக்கே தெரியவில்லை. "ஊர்ல இருக்கிறவன் எல்லாம் கூடப்பொறந்தவன்கிட்ட பணத்தை மறைப்பான், பொண்ணை மறைப்பான். நீ ரிவர்ஸை மறைச்சியாடா!"

"அக்கா, திட்டறதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு," என்றாள் அண்ணி. "வாலு, வண்டிக்கு அடியில போ."

"என் சட்டை அண்ணி..."

"போ."

வால் போனான். பின் விளக்குக் கூண்டைத் திறந்தான். தம்பிக்காரர் கோர்த்திருந்த வயர் டேப் சுற்றிப் பளபளவென்று நேர்த்தியாக இருந்தது. தப்பான இடத்தில் இத்தனை அழகான வேலையை அவன் பார்த்ததே இல்லை. டம்டம் கொடுத்தனுப்பிய சோதனை விளக்கை ஒவ்வொரு வயரிலும் தொட்டுப் பார்த்தான். "ரிவர்ஸ் போடுங்க... இப்ப பிரேக்லேருந்து காலை எடுங்க! ஐயோ, என் மேல ஏத்தாதீங்க! ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு எடுங்க!" வெள்ளை விளக்கு எரியும்போது மட்டும் உயிர் வருகிற வயரைக் கண்டுபிடித்தான். இங்கே அவிழ்த்ததை அங்கே கோர்த்து, டேப்பைப் பல்லால் கடித்துச் சுற்றினான்.

"அவ்வளவுதானா?" தம்பிக்காரர் நம்பாமல் கேட்டார். "விதின்னு சொன்னாரே?"

"விதி இல்லண்ணே, வயர்," என்றான் வால், முதுகு பூராவும் மரத்தூளுடன் எழுந்து.

அக்கா வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். "எடு. பாக்கிறேன்."

அவர் ரிவர்ஸ் போட்டார். படம் வந்தது. காலை எடுத்தார். படம் இருந்தது. வண்டி பின்னால் போகப் போக, பூப்போட்ட சுவரும் கோடுபோட்ட சுவரும் திரையில் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டன. விக்கல் இல்லை. தம்பிக்காரரின் உதடுகள் தானாக விரிந்தன. வால் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். குறுக்கே நின்ற கடைசி மெத்தை திரையில் பெரிதாகி, பெரிதாகி, ஒரு சாண் தூரத்தில் நின்றது.

அப்போது திரையில், அந்த மெத்தையின் விளிம்புக்கு மேலே, நிலா உதிப்பதுபோல் ஒரு வழுக்கைத் தலை உதித்தது.

அக்கா அலறினாள். தலை மறைந்தது. மெத்தை அந்தப் பக்கமாகச் சரிந்து விழ, அதற்கு அடியிலிருந்து ஒருவர் தவழ்ந்து வெளியே வந்தார்.

எதிர்க்கடைக்காரர்!

"சுட்டுடாதீங்க!" என்றார், கையைத் தூக்கிக்கொண்டு.

"எங்ககிட்ட கடலைதான் இருக்கு," என்றாள் அண்ணி. "இங்க என்ன பண்றீங்க?"

அவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். பயம் தெளிந்ததும் ஆத்திரம் வந்துவிட்டது. "நான் கேக்கவேண்டிய கேள்வி அது! இந்தம்மா பின்னாலதான் வந்தேன். காரை நிறுத்திட்டு, நீங்க எல்லாம் வயரைப் பாத்துக்கிட்டிருந்தப்பதான் உள்ள நுழைஞ்சேன். ஒரு மாசமா நான் சரியாத் தூங்கலைங்க. மெத்தைக்கடை வெச்சுக்கிட்டுத் தூக்கம் வரலைன்னு வெளிய சொல்ல முடியுமா? டாக்டர் வர்றார், வக்கீல் வர்றார், எல்லாரும் 'அந்தக் கடைத் தம்பி அனுப்பினார்'ங்கிறாங்க. எதிரி எதுக்குய்யா எனக்கு ஆள் அனுப்பணும்? சும்மா அனுப்புவானா? இதுல என்னவோ பெரிய திட்டம் இருக்கு. என்ன திட்டம்? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் தூங்கணும்."

தம்பிக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வாக்கியம் போதும். அக்கா அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால், நாளைக் காலைக்குள் கடைத்தெரு முழுக்க அவரைப் பார்த்துப் பின்னோக்கி நடந்து கேலி செய்யும்.

அக்கா வண்டியிலிருந்து இறங்கினாள்.

"நாங்கதான் அனுப்பினோம்," என்றாள்.

"நாங்கன்னா?"

"நானும் என் தம்பியும். உக்காந்து பேசி எடுத்த முடிவு. காரணம் எங்க கடை ரகசியம், வெளிய சொல்றதுக்கில்ல. இப்ப அந்தத் திட்டம் முடிஞ்சுபோச்சு. சந்துக்காரங்க எல்லாருக்கும் நாளையிலேருந்து எங்க வண்டிதான் போகும்."

தம்பிக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அவர் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. வால் அண்ணியைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்சிக்காரி கேட்ட கேள்விக்குக் கட்சிக்காரியே பதில் சொல்லிவிட்டாள்.

"திட்டம் என்னன்னு சொல்லவே மாட்டீங்களா?" எதிர்க்கடைக்காரர் கெஞ்சினார்.

"மாட்டோம். கிளம்புங்க. உங்க கார்தான் வழியை அடைச்சுக்கிட்டு நிக்கும் போலிருக்கு. எடுத்தீங்கன்னா நாங்களும் போவோம்."

கதவுக்கு வெளியே, இரண்டு சுவர்களுக்கு நடுவே, மூக்கை டிப்போ பக்கம் நீட்டிக்கொண்டு அவருடைய பழைய கார் நின்றது. பக்கத்துக்கு ஒரு முழம் இடமும் இல்லை. அவர் அதைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். "நீங்க முதல்ல போங்களேன்," என்றார்.

"உங்க கார் மேல ஏறியா?"

"இல்ல... உள்ள கொண்டுவந்து திருப்பிக்கலாமா?"

"உள்ள பூராவும் எங்க வண்டி, மெத்தை, மரச்சட்டம். எங்க திருப்புவீங்க? பின்னாலயே எடுத்துடுங்க."

எதிர்க்கடைக்காரரின் வழுக்கையில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது. வால் அண்ணியின் காதருகே குனிந்தான். "அண்ணி, இவருமா?"

"வாயைத் திறந்தே, ஸ்கூட்டருக்குப் பின்னாலயே ஓடி வருவ."

அக்கா எல்லாவற்றையும் ஒரு பார்வையில் வாங்கிக்கொண்டாள். "தம்பி, அவர்கிட்ட சாவியை வாங்கு."

தம்பிக்காரர் வெலவெலத்துப்போனார். "அக்கா," குரலைத் தாழ்த்தினார், "அதுல கேமரா இல்லக்கா."

"தெரியும்."

அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டு காரைத் தாண்டினாள். அந்த நீண்ட வழியில் தெருப் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தாள். திரும்பி, நடுவழியில், காருக்கு நேர் பின்னால் நின்று, கொண்டையை இறுக்கிக்கொண்டாள். இரண்டு பக்கமும் சுவர். பின்னால் இடிக்கக் கூடியது என்று அங்கே இருந்தது அவள் மட்டும்தான்.

காருக்குள் தம்பிக்காரர் கழுத்தைத் திருப்பினார். தூசி படிந்த பின்கண்ணாடி வழியாக அவர் கண்கள் அவளைத் தேடின.

"இடது பக்கம் கொஞ்சம் ஒடி. போதும். இப்ப நேரா," என்று அவள் குரல் வந்தது. "பயப்படாதே. நான் நிக்கிறேன் இல்ல? வா."

கார் நகர்ந்தது.

"வா... வா... வா..."

அவள் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்துக்கொண்டே போனாள். கார் அவள் முகத்தைப் பார்த்தபடி, சுவரில் ஒரு கீறல் விழாமல், அவள் பின்னாலேயே போனது. எதிர்க்கடைக்காரர் வாய் திறந்து நின்றார். தெரு வெளிச்சம் அவளுடைய முதுகில் விழத் தொடங்கியபோது கார் சற்றே தயங்கியது.

"ஏன்டா நிக்கிற?" என்றாள் அக்கா. "போதும்னு நான் இன்னும் சொல்லலையே. வா."